வௌவால் போட்ட கஜு: படுவான்கரையில் நான்கு நாள்

2025 ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலை நாலரைக்கு மட்டக்களப்பு ஸ்டேஷனில் இறங்கினேன். இரவு முழுக்க நித்திரை இல்லை. ஹபரணை தாண்டிக் கல்லோயாப் பக்கம் வந்ததும் ரயில் மாட்டுவண்டி மாதிரி ஊரத் தொடங்கியது. இந்த வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி இதே பாதையில்தான் இரவு ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. அதனால் பெட்டியில் யாரும் வேகம் போதாதென்று முணுமுணுக்கவில்லை. எதிரே இருந்த அம்மா ஒருவர் யன்னலைத் திறந்து இருட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளையாருக்கா யானைக்கா என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பம், சொதி, சம்பல், ஒரு பால் தேநீர். எல்லாம் சேர்த்து 380 ரூபா. சம்பலில் தேங்காய்ப்பூவைத் தேடவேண்டியிருந்தது. தேங்காய் ஒன்று இருநூறைத் தாண்டி நிற்கிற வருடத்தில் கடைக்காரரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவரே, "சொதிய இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா தங்கச்சி?" என்று கேட்டு, கேட்காமலே ஊற்றினார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கொக்கட்டிச்சோலைக்கும் வெல்லாவெளிக்கும் இடையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் தாய்வழியாக வந்த வளவு ஒன்று இருக்கிறது. இரண்டரை ஏக்கர். பழைய மா, பலா, கஜு என்கிற முந்திரி மரங்கள். 1990இல் நாங்கள் கொழும்புக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. சின்னம்மா மட்டும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரும்பவும் அங்கேயே வந்து இருந்துவிட்டார். கனடாவில் இருக்கிற அண்ணனுக்கு இப்போது ஒரு யோசனை: பழைய மரங்களை வெட்டிவிட்டு ஒட்டுமாங்கன்று வைக்கலாம். "நீ போய்ப் பார். எத்தனை மரம் காய்க்குது, எத்தனை சும்மா நிக்குது எண்டு கணக்கெடுத்து அனுப்பு." சும்மா நிற்பது என்றால் என்ன என்று அப்போது எனக்கும் தெரிந்த மாதிரித்தான் இருந்தது.

மண்முனைப் பாலத்தால் ஓட்டோவில் போனோம். 2014இல் பாலம் திறக்கும் மட்டும் இந்த இடத்தில் வாவியைத் தோணியிலும் பாதையிலும்தான் கடந்தார்கள். 'பாதை' என்றால் இங்கே ரோட்டு அல்ல, வாகனமும் ஆளும் ஏறுகிற மிதவை. பாலம் கடந்ததும் கச்சான் முகத்தில் அடித்தது. மேற்கிலிருந்து வீசுகிற இந்த உலர்ந்த காற்றை இங்கே கச்சான் என்பார்கள். கடலைக்கும் அதுதான் பெயர். வறுபடுகிற விஷயத்தில் இரண்டும் ஒன்று.

சின்னம்மா படலையடியில் நின்றார். "என்னகா புள்ள, இப்பிடி மெலிஞ்சி போனாய்?" நான் நிச்சயமாக மெலியவில்லை. விறாந்தையில் துருப்பிடித்த கிளிக்கூடு ஒன்று தொங்கியது, உள்ளே சின்ன வெங்காயம். அது எங்கள் வீட்டுக் கூடு. சின்ன வயதில் நான் வளர்த்த கிளி இருந்தது. நாங்கள் போன பிறகு சின்னம்மா எடுத்து வந்து வைத்திருக்கிறார்.

பகல் முழுக்கத் தூங்கலாம் என்று பார்த்தேன். காற்றும் வெக்கையும் விடவில்லை. சரி, இரவில் தூங்குவோம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

இரவில் தூங்கியவர்கள் சின்னம்மாவும் அவருடைய ஒன்பது வயதுப் பேரனும்தான்.

எட்டரைக்கு முதல் மாங்காய் தகரக் கூரையில் விழுந்தது. துவக்குச் சூடு போல ஒரு சத்தம். நான் எழுந்து உட்கார்ந்தேன். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு உடம்பு தானாக எழும்பும். பிறகு மேலே சிறகடிப்பு, கீச்சிடல், சண்டை, இன்னொரு மாங்காய். பதினொரு மணிக்கு யாரோ கூரையில் நடந்தார்கள். வடிவாக, அவசரமில்லாமல், ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கு. கள்ளன் என்றே நினைத்துச் சின்னம்மாவை உலுப்பினேன். "மரநாய் மனே, படு" என்று மறுபக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு நான் அந்த இருட்டில் எட்டு வயதுப் பிள்ளை.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூரை ஓரத்தில் இரண்டு கண்கள். பூனையை இழுத்து நீட்டிய மாதிரி ஒரு உடம்பு, தடித்த நீள வால். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கூரையிலிருந்து மாங்கொப்புக்கு நடந்தே போனது. ஓடவில்லை. இது அதன் வீடு, நான் வந்தாள் வரத்தாள்.

ஐந்தரைக்குச் சின்னவன் என்னை எழுப்பினான். அப்போதுதான் கண் அயர்ந்திருந்தேன். "மாமி, வாங்க, கொட்டை பொறுக்கப் போவம். பிந்தினா மாடு மிதிச்சிரும்." கையில் உரப்பை.

கஜு மரங்களுக்குக் கீழே போகப்போகிறோம் என்று நினைத்தேன். அவன் நேரே ஒரு நாவல் மரத்தடிக்குப் போனான். கஜு அங்கே இல்லை, ஐம்பதடி தள்ளி. ஆனால் நாவலடியில் கஜுக்கொட்டைகள் சிதறிக் கிடந்தன. பக்கத்தில் சப்பித் துப்பிய சக்கை உருண்டைகள், பழத்தின் மஞ்சள் தோல். வௌவால் பெரும்பாலும் கஜுப்பழத்தைக் காய்த்த மரத்தில் இருந்து தின்பதில்லை. பறித்துக்கொண்டு தனக்கு வசதியான வேறொரு கொப்பில் தலைகீழாகத் தொங்கி, சாற்றைக் குடித்து நாரைத் துப்பிவிட்டு, கொட்டையைக் கீழே போட்டுவிடுகிறது. கொட்டையின் கோதில் தோலைச் சுடுகிற எண்ணெய் இருக்கிறது, அதனால் அதில் வாய் வைக்காது. பழம் அதற்கு, கொட்டை நமக்கு. இந்த வளவில் ஏறிப் பறிக்கிற வேலையில் பாதியை வௌவால்தான் செய்கிறது. கூலி பழமாக எடுத்துக்கொள்கிறது.

கடைசிக் காய்ப்பு என்பதால் அன்று ஒன்றரைக் கிலோ மட்டும் வரும் போல இருந்தது. அந்த எண்ணெய் எப்படித்தான் இருக்கும் என்று ஒரு பச்சைக் கோதை நகத்தால் கீறிப் பார்த்தேன். "மாமி, வேணாம்!" என்றான் சின்னவன், ஒரு நொடி பிந்தி. இதை எழுதும்போது வலது பெருவிரலில் ஒரு கொப்பளம் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயது எனக்கு.

தேநீருக்குப் பிறகு கணக்கெடுப்பு. கொப்பியில் எழுதிக்கொண்டு நடந்தேன்: மா 10, கஜு 9, பலா 3, விளா 2, கொய்யா 2, புளி 1. தென்னையைச் சேர்க்கவில்லை. சின்னம்மாவின் கணக்கும் 27தான். ஆனால் எனக்கு 34 வந்தது. திரும்ப நடந்து பார்த்தேன். நாவல் 2, வேம்பு 3, பாலை 1, பெயர் தெரியாத ஒன்று.

"அதெல்லாம் நாம வச்சதில்லையே. குருவி வச்சது, மரநாய் வச்சது. அத ஏன் கணக்கெடுக்கிறாய்?" என்றார் சின்னம்மா.

கிணற்றுக் கட்டில் மரநாயின் எச்சத்தைக் காட்டினார். ஒரே இடத்தில் வந்து போகிற பழக்கம் அதற்கு. முழுக்க விதை. பப்பாசி, பாலை, இன்னும் ஏதோ. வேலியோரத்தில் இருந்த பாலைக்கன்று எப்படி வந்தது என்று இனி யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் தோட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பாதி காடாகிவிட்டிருந்தது. காடு என்று பார்த்தால் பாதி தோட்டம்.

பின்னேரம் இங்கிலாந்திலிருந்து மச்சாள் கதைத்தாள், மாமாவின் மகள். அவள் இருப்பது அப்பிளும் பெயாஸும் விளைகிற மேற்குப் பகுதியில். வார இறுதிகளில் பழைய பழத்தோட்டங்களில் மரம் எண்ணப் போகிறவள். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றதும் சிரிசிரியென்று சிரித்தாள். அங்கே 2007இல் பழைய முறைப் பழத்தோட்டங்களை, பாதுகாக்கவேண்டிய உயிர் வாழிடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தோட்டம் என்று கணக்கில் வர ஐந்து மரம் இருந்தால் போதும், ஒன்றின் கொப்பு நுனிக்கும் அடுத்ததன் கொப்பு நுனிக்கும் இடையில் 20 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். நெருக்கி நடாத பெரிய மரங்கள், கீழே புல், புல்லில் ஆடு. "உக்கின மரம் எத்தனை இருக்கு?" என்று அவள் முதலில் கேட்டாள். அண்ணன் கேட்டதற்கு நேரெதிர். அங்கே நோபிள் சேஃபர் என்று பச்சையாக மின்னுகிற அபூர்வ வண்டு ஒன்று இருக்கிறதாம். அதன் புழு, கிழட்டுப் பழமரங்களின் உள்ளே உக்கிய தூளைத் தின்றுதான் வளர்கிறது. மரம் கிழடாக விட்டால்தான் வண்டு.

இருக்கட்டும், எங்களிடமும் உக்கின மரம் ஒன்று இருக்கிறது. வளவின் நடுவில் நிற்கிற புளிமா. இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாது. காய்ப்பது ஒரு பக்கக் கொப்பு மட்டும், அதுவும் பல் கூசுகிற புளிப்பு. அண்ணனுடைய "சும்மா நிக்கிற" பட்டியலில் முதலாவதாக வரவேண்டியது.

அதன் கதையைச் சின்னம்மா கதிரையில் இருந்தபடி சொன்னார். 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த இரவு அவருக்குப் பதினாலு வயது. விடிந்தபோது ஊரில் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சீப்பு வைத்து வாரியது போலக் கிடந்தனவாம். மாமரத்துக்குத் தலை மட்டும் இல்லை.

"முறிஞ்ச இடத்தில மழ இறங்கிச்சு, உக்கிச்சு. மறுகா குக்குறுவான் வந்து துளைச்சிது. மறுகா கிளி வந்து துளையப் பெரிசாக்கிச்சு. மறுகா நத்து. இப்ப அந்தப் பக்கத்துப் பொந்தில தேன்."

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள். இங்கே அது திட்டு அல்ல, வாழ்கிற முறையே அதுதான். குக்குறுவானும் மரங்கொத்தியும் உக்கிய கொப்பில் சொந்தமாகத் துளைக்கும். கிளிக்கும் நத்து என்கிற சின்ன ஆந்தைக்கும் மைனாவுக்கும் அந்தச் சொண்டு பலம் இல்லை, யாராவது விட்டுப்போன வீட்டில்தான் குடியிருக்கும். இளம் மரத்தில் பொந்து இல்லை. ஐம்பது, அறுபது வருடம் நின்று, அடிபட்டு, உள்ளே உக்கின மரத்தில்தான் குடி ஏறும்.

ஆறு மணிக்குப் பிறகு மரத்தடியில் அண்ணாந்து நின்றேன். பொந்தின் வாயில் மரப்பட்டையே ஒரு துண்டு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பட்டை கண்ணைத் திறந்தது. கையளவு நத்து. என்னைப் பார்த்து "வுக்?" என்றது, கேள்வி கேட்கிற தொனியில். பதில் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில்தான் என் கழுத்துக்குள் முசுறு இறங்கியிருந்தது. இலைகளை ஒட்டித் தைத்துக் கூடு கட்டுகிற அந்தச் செவ்வெறும்பின் கூட்டில் தலையை இடித்திருக்கிறேன். நானும் சின்னவனும் ஆந்தையை விட்டுவிட்டு ஆடத் தொடங்கினோம். "முசுறு உள்ள கஜுவில பூச்சி விழாது. அதுதான் கலைக்கிறல்ல" என்றார் சின்னம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. உண்மைதான், கஜுத் தளிரை உறிஞ்சுகிற பூச்சிகளை முசுறு பிடித்துத் தின்றுவிடும். ஆனால் அந்த நிமிடம் அதற்கு நன்றி சொல்கிற மனநிலை எனக்கு இல்லை.

ஜூன் 5, வியாழன்

காலை ஏழு மணிக்குப் பதினாறு குரங்குகள். எண்ணினேன். பழுக்காத மாங்காயைக் கடித்து, பிடிக்காமல் எறிந்து, அடுத்ததைப் பறித்து, அதையும் கடித்து எறிந்து. இதைப் பார்த்துக்கொண்டு காட்டுயிர் நேசம் பேசுவது கஷ்டம். மார்ச் 15ஆம் திகதி நாடு முழுக்க எல்லோரும் காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை தங்கள் வளவில் நிற்கிற குரங்கு, மயில், மலை அணிலை எண்ணிப் படிவத்தில் எழுதச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? சின்னம்மாவும் படிவத்தோடு படலையில் நின்றிருக்கிறார். "அஞ்சு நிமிசமும் ஒண்டும் வரல்ல. பூச்சியம் எண்டு எழுதினன். எட்டேகாலுக்கு இஞ்ச வந்து கொட்டாவி விடுதுகள்."

பத்து மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வரச்சொல்லியிருந்தார். அண்ணன் கனவு காண்பதை இவர் செய்து முடித்திருக்கிறார். ஒரு ஏக்கரில் டொம் ஈஜேசி ஒட்டுமாங்கன்றுகள். ஐந்து வயது மரம் என் தோளுக்கு மேல் இல்லை. வெட்டி வெட்டியே அப்படி வைத்திருக்கிறார். வரிசை வரிசையாகச் சொட்டுநீர்க் குழாய். பழ ஈ குத்தாமல் இருக்க ஒவ்வொரு காய்க்கும் ஒரு கடதாசி உறை. தூரத்தில் பார்த்தால் மரமெல்லாம் கடிதம் காய்த்த மாதிரி.

ஒரு பழத்தை வெட்டித் தந்தார். நார் இல்லை, கொட்டை சின்னது, தேன் மாதிரி இனிப்பு. கிலோ 500 ரூபாவுக்குத் தோட்டத்துக்கே வந்து எடுக்கிறார்களாம். சின்னம்மாவின் புளிமாங்காயை அச்சாறுக்காரர் 80க்குக் கேட்கிறார், சில வருடம் கேட்பதே இல்லை. இந்தக் கணக்கைத் தெரியாதது போல் நடித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. தம்பியின் இரண்டு பிள்ளைகளும் டவுனில் படிக்கிறார்கள், இந்த உறைகள்தான் படிப்பிக்கின்றன.

ஆனால் அந்த ஏக்கரில் நின்றபோது ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: சத்தம். குக்குறுவானின் "குட்ரூ, குட்ரூ" வேலிக்கு அந்தப் பக்கம், எங்கள் வளவிலிருந்துதான் வந்தது. இங்கே மரத்தில் பொந்து இல்லை, தரையில் சருகு இல்லை, சருகில் அரணை இல்லை.

அதைத் தம்பியே சொன்னார், நான் கேட்கவில்லை. "பூக்கிற நேரம் உங்கட புளிமாவில இருக்கிற தேன்பூச்சிதான் அக்கா இஞ்ச வாறது. அந்த மரத்த வெட்டப்போறீங்களாமே?" செய்தி கனடாவிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு, போன வருடம் வலை கட்டியதையும், காலையில் அதில் ஒரு பெரிய வௌவால் குட்டியோடு சிக்கிச் செத்துக் கிடந்ததையும் சொன்னார். மனைவி பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சமைக்கவில்லையாம். வலையைக் கழற்றிவிட்டு உறைக்கு மாறியது அதற்குப் பிறகுதான். வேறு காரணமும் இருந்திருக்கலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் சின்னம்மாவின் கை: ஒட்டி மீன் குழம்பு, மாங்காய்ச் சொதி, பலாக்கொட்டையும் கருவாடும் போட்ட பிரட்டல், பிறகு சட்டித் தயிரில் பாணி. எருமைத் தயிர் வெட்டினால் வெட்டிய இடம் அப்படியே நிற்கவேண்டும், நின்றது. அதற்குப் பிறகு பலாப்பழம். "உனக்காகத்தான் பழுக்க விட்டன்" என்றார். மரத்தில் இன்னும் மூன்று பழுத்து நின்றன. வளவே மணந்தது.

அந்த மணம் எட்டியது எனக்கு மட்டும் அல்ல.

இரவு பத்தரைக்குச் சின்னம்மாவின் போன் அடித்தது. மேற்குப் பக்கத்து வயல் வாடியிலிருந்து. "பெரியவர் இறங்கிட்டார்." இரவில் இங்கே யாரும் பெயர் சொல்வதில்லை. சின்னம்மா விளக்கை அணைத்துவிட்டு எங்களைக் குசினிக்குள் தள்ளினார். கல்லால் கட்டிய ஒரே அறை அதுதான். நானும் சின்னவனும் அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தோம். தூரத்தில் யானை வெடி, ஒன்று, இரண்டு. பிறகு எதுவும் இல்லை. அது இன்னும் மோசம். அவ்வளவு பெரிய உடம்பு வருகிற சத்தமே கேட்கவில்லை. வேலி முறிகிற சத்தம்தான் கேட்டது. பிறகு "தொப்" என்று ஒன்று விழுந்தது. பலா. நிதானமாகச் சப்புகிற ஓசை. கிழிகிற ஓசை. யன்னல் இடுக்கில் சின்னம்மா முகத்தை வைத்து, அடித்தொண்டையில், கோயிலில் பேசுகிற குரலில் பேசினார்:

"திண்டாச்சுதானே ராசா. போங்க ஐயா. புள்ளைகள் இருக்கிற வீடு. போங்க."

எத்தனை நிமிடம் என்று தெரியாது. சின்னவன் என் கொப்பள விரலைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தான், நான் இழுக்கவில்லை. படத்தில் பார்க்கிற யானை வேறு. தகரக் கூரைக்கு இருபதடி தள்ளி நிற்பது வேறு. இந்தப் பக்கத்து ஊர்களில் இப்படியான இரவுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், யானைகளும் செத்திருக்கின்றன.

ஜூன் 6, வெள்ளி

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். ஒரு பக்க வேலி இல்லை. பலாக்கள் மூன்றும் இல்லை, ஒரு கொப்பும் இல்லை. வேறு எதையும் தொடவில்லை. காலடித் தடத்தில் என் இரண்டு பாதங்களும் வசதியாக நின்றன.

"பலாவக் காயிலயே வெட்டி வித்திரணும். எல்லா வருசமும் அப்பிடித்தான். பழுத்தா மணம் காட்டிக் குடுத்திரும்" என்றார் சின்னம்மா. அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்காகப் பழுக்க விட்டது என்று நேற்று அவரே சொன்னது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. வேலி கட்ட ஆள்கூலி 3,000 ரூபா. நான் கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

விளா மரத்துக்கு அந்தப் பக்கம் லத்திக் குவியல். சின்னவன் குச்சியால் கிளறினான். உள்ளே ஓட்டுத் துண்டுகள், விதைகள். 'யானை உண்ட விளாங்கனி' என்று படித்திருக்கிறோம், ஓடு முழுசாக இருக்க உள்ளே மட்டும் காலியாகுமாம். அந்தப் பழமொழியில் வருவது யானை அல்ல, விளாவுக்கு வருகிற ஒரு நோய் என்று சொல்வாரும் உண்டு. லத்தியைக் கிளறியவன் என்ற முறையில் சின்னவன் இரண்டாவது கட்சி.

ஒன்பது மணிக்கு மர வியாபாரி வந்தார். அண்ணன் எங்கிருந்தோ போன் போட்டு ஏற்பாடு செய்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விறாந்தையில் ஏறினார், தேநீரைக் குடித்துவிட்டுத்தான் மரத்தைப் பற்றிப் பேசினார். புளிமாவைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கத்திப் பிடியால் தட்டினார். டங் என்று வரவேண்டிய இடத்தில் பொக் என்று வந்தது. இன்னொரு பக்கம் தட்டினார், பொக். மூன்றாவது தட்டுக்குப் பொந்திலிருந்து தேனீக்கள் வெளியே வந்து என்ன சங்கதி என்று பார்த்தன. அவர் மரியாதை குறையாமல் பின்வாங்கினார்.

"உள்ளுக்கு ஒண்டுமில்லம்மா. கோறை. பலகைக்கு உதவாது. விறகுக்கு எண்டா வெட்டுகூலி நீங்கதான் தரணும்."

உள்ளுக்கு ஒன்றுமில்லை! நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் வெற்றிலைத் தட்டத்தைத் திறந்து கவனமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

பகல் பன்னிரண்டுக்கு மண்டூருக்குப் பஸ். அங்கிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் வாவியைக் கடந்தேன். மண்முனையால் போயிருந்தால் சீக்கிரம், ஆனால் எனக்குப் பாதையில் ஒரு தடவை ஏறவேண்டும் போல இருந்தது. கச்சான் தண்ணீரைச் சுருக்கிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒருவர் ஆட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். நாளை ஹஜ்ஜுப் பெருநாள். ஆடு என் பையிலிருந்த மாவிலையைத் தின்று தீர்த்தது. அவர் மன்னிப்புக் கேட்டு ஒரு கச்சான் பொட்டலத்தை நீட்டினார்.

காத்தான்குடியில் கூட்டத்துக்குள் நடக்க இடமில்லை. வீதி நடுவில் பேரீச்சை மரங்கள் குலை தள்ளி நிற்கின்றன, முன்பு பார்த்ததை விட உயரமாக. அல்வாக் கடைக் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்பார்கள்) அரைக் கிலோ மஸ்கட் அல்வாவை நிறுத்து, மேலே ஒரு துண்டு வைத்து, "பெருநாள் காசு எண்டு நினைங்க" என்றார். பேரீச்சை அரபு நாட்டு மரம். கஜுவும் அப்படித்தான், பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்து சேர்த்தது. அவர்கள் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். எங்கள் பாரம்பரியத் தோட்டத்தில் பாதி, கப்பலில் வந்தது. வௌவாலுக்கு இது தெரியாது.

ரயிலில் தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு எழுதினேன்: மரம் 34, நட்டது 27, வேலி உடைந்திருக்கிறது, புளிமாவை வியாபாரி வேண்டாமென்றுவிட்டார். "அப்ப அது சும்மாதானே நிக்குது?" என்று பதில் வந்தது. அந்த நேரம் சிக்னல் போனது, எனக்கு வசதியாக இருந்தது.

ஜூன் 7, சனி

வெள்ளவத்தை. அம்மா கதவைத் திறந்ததும் பையைத்தான் பார்த்தார். கஜுக்கொட்டை, மஸ்கட், மாங்காய், தயிர். மாங்காய்ப் பையிலிருந்து முசுறு ஒன்று இறங்கி மேசையில் ஓடியது, மட்டக்களப்பிலிருந்து ரிக்கெட் எடுக்காமல்.

யானையைச் சொன்னேன், வேலியைச் சொன்னேன், வியாபாரி தட்டிப் பார்த்ததைச் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு மாங்காயை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். நத்து எட்டிப் பார்த்ததைச் சொன்னபோதுதான் கை நின்றது.

"அந்த மேல் பொந்தா? கிழக்குப் பக்கம் பாத்தது?"

"ஓம்."

"உன்ட கிளிய அதுக்குள்ள இருந்துதான் அப்பா எடுத்தவர். இறகும் முளைக்காத குஞ்சு. தாய்க்கிளி ரெண்டு நாளா மரத்தச் சுத்திச் சுத்திக் கத்திச்சு. உனக்குச் சந்தையில வாங்கினது எண்டு சொன்னம்."

நான் பேசாமல் இருந்தேன்.

"தொண்ணூறில வெளிக்கிடேக்க கூட்டத் திறந்து விட்டுத்தான் வந்தனான். அது வெளியால வரேல்ல, உள்ளுக்கயே இருந்துது. கொஞ்சத் தூரம் வந்து திரும்பிப் பாத்தன், கூட்டில இல்ல."

பிறகு, "தயிர வெளியில வச்சிருக்காத, புளிச்சிரும்" என்றார்.